சிரிக்கும் பாவையும் திறவாத செவியும்

கொல்லிமலையைப் பற்றி எழுதப் புகுவோர் கொல்லிப்பாவையைத் தொடாமல் நகர்வதில்லை. முனிவரைக் காக்கவென்று செய்து நிறுத்தப்பட்ட பதுமை அது; தன்னை நாடிவரும் அரக்கரைப் புன்சிரிப்பினால் மயக்கி, மயங்கியவரைக் கொன்றுவிடும் என்பது மரபு. சங்கப் புலவர் தொடங்கி இன்றைய சுற்றுலாக் கையேடு எழுதுவோர் வரை அந்தப் பாவைக்குத் தாராளமாக இடம் தந்துள்ளனர். அதே மலையில் உழுதும் விதைத்தும் வாழ்கின்ற மக்களுக்கு அவ்வளவு இடம் கிடைத்ததில்லை. நாம் இங்கு எடுத்துக்கொண்ட பொருளோ வானொலி உரையாடல். அதற்கும் பாவைக்கும் என்ன தொடர்பு என்பது போகப்போக விளங்கும்.

காரவள்ளி அடிவாரத்திலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து அடையும் இம்மலை இன்று நாமக்கல் மாவட்டத்தைச் சேர்ந்தது. வளப்பூர் நாடு, அரியூர் நாடு, குண்டூர் நாடு, வாழவந்தி நாடு என ஊர்த்தொகுதிகள் 'நாடு' என்றே பெயர் பெற்றுள்ளன. மக்களில் மிகப் பெரும்பாலோர் மலையாளிப் பழங்குடியினர். பெயரைக் கேட்டு இவர்களைக் கேரளத்தார் என்று கருதுவோர் சமவெளியில் இன்னும் உண்டு. தம் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்த உடன்பிறந்தார் என்பதே இவர்கள் வழிவழியாகச் சொல்லிவரும் கதை. இவர்கள் பேசுவதும் தமிழே. தம் பெயருக்கே விளக்கம் சொல்லிக்கொண்டிருக்க வேண்டிய நிலையில் ஒரு மக்கட்கூட்டம் இருக்குமானால், அவர்களைப் பற்றிய பேச்சு இதுநாள்வரை எங்கே, யாரால் நடத்தப்பட்டது என்று கேட்கத் தோன்றுகிறதல்லவா?

திருச்சிராப்பள்ளி வானொலி நிலையம் 1939 மே 16ஆம் நாள் தன் ஒலிபரப்பைத் தொடங்கிற்று. உழவர்க்கான நிகழ்ச்சிகளால் பெயர் பெற்ற நிலையம் அது. 1960களின் பிற்பகுதியில் ஆடுதுறை 27 என்னும் புதிய நெல் தஞ்சை வயல்களில் பரவியபோது, அதன் புகழை ஊரூராகக் கொண்டுசென்ற பெருமை இந்நிலையத்தையே சாரும். உழவர்கள் அந்நெல்லுக்கு 'ரேடியோ நெல்' என்றே பெயர் வைத்துவிட்டனர். பயிர் ஒன்றுக்குக் கருவியின் பெயர் வாய்த்தது அரிய செய்தி. வானொலி வரலாற்றாசிரியர்கள் அதை மகிழ்ந்து எடுத்துரைப்பதில் வியப்பில்லை.

எனினும் அந்த வெற்றியைச் சற்று உற்று நோக்குதல் தகும். அது ஒருவழிப் பேச்சின் வெற்றி. அறிஞர் சொன்னார், உழவர் கேட்டார், நெல் விளைந்தது. அதே முறையைக் கொல்லிமலைக்குப் பொருத்திப் பாருங்கள். இம்மலையின் உணவு சாமை, கேழ்வரகு, தினை, பனிவரகு. சாமையில் மட்டும் கட்டவெட்டிச் சாமை, வெள்ளைப் பெருஞ்சாமை என மலைமக்கள் பெயரிட்டுக் காத்துவந்த வகைகள் பல. சேலத்துச் சவ்வரிசி ஆலைகளுக்கு வேண்டிய மரவள்ளி மலையேறிய பிறகு சிறுதானிய நிலம் சுருங்கிற்று. 1990களிலிருந்து எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் இங்கு தங்கி இவ்விதைகளைக் காக்க முயன்றது. இங்கே அறிவு மலையில் இருந்தது. கேட்க வேண்டியவர் சமவெளியில் இருந்தனர். சொல்லவே பழகிய கருவிக்கு அந்தத் திசைமாற்றம் எளிதாக வருவதில்லை. 'சிறுதானியத்தின் நன்மைகள்' என்று மருத்துவர் ஒருவர் ஒலிவாங்கிமுன் அமர்ந்து பேசும் நிகழ்ச்சிகள் இன்று ஏராளம். அம்மருத்துவர் அமரும் இருக்கையில் சாமையை இடித்துக் கை காய்த்த மூதாட்டி ஒருவர் அமர்ந்த நிகழ்ச்சிகள் எத்தனை?

வேறு வழியே அறியப்படவில்லை என்று சொல்லிவிடவும் முடியாது. 1956இல் அன்றைய பம்பாய் மாநிலத்தின் ஐந்து மாவட்டங்களில் 150 சிற்றூர்களில், யுனெஸ்கோவின் துணையோடு, புனே நிலையம் ஊரக வானொலி மன்றங்களை அமைத்தது. இருபது பேர் அளவில் ஒன்றுகூடிக் கேட்பது, கேட்டதைப் பற்றி வாதிடுவது, எழுந்த ஐயங்களையும் மறுப்புகளையும் நிலையத்துக்கு எழுதியனுப்புவது, அவற்றுக்கு விடையாக அடுத்த நிகழ்ச்சி அமைவது என்பது திட்டம். நல்ல பயன் விளைந்ததென்று ஆய்வு கூறிற்று. 1959 முதல் நாடெங்கும் விரித்தார்கள். பிறகு அது தேய்ந்து மறைந்தது. வானொலி பேச மட்டுமன்றிக் கேட்கவும் செய்யும் கருவியாக வேண்டும் என்று செர்மானிய நாடகாசிரியர் பெர்டோல்ட் பிரெக்ட் 1932இலேயே எழுதியிருந்தார். புனே மன்றங்கள் அவ்வெண்ணத்தின் ஏழை வீட்டு வடிவம் என்று நமக்குத் தோன்றுகிறது. அஞ்சலட்டை ஒன்றே அங்கு ஒலிவாங்கி.

இனி, சட்டத்துக்கு வருவோம். 1995 பெப்ரவரி 9ஆம் நாள் உச்ச நீதிமன்றம், அலைவரிசைகள் பொதுமக்களின் சொத்து என்று தீர்ப்பளித்தது. அதன்பின் ஏழாண்டுகள் கழித்து, 2002இல், கல்வி நிறுவனங்களுக்குச் சமுதாய வானொலி நடத்த இசைவு கிடைத்தது. 2004 பெப்ரவரியில் சென்னை அண்ணா பல்கலைக்கழகம் நாட்டின் முதல் வளாக வானொலியைத் தொடங்கிற்று. 2006இன் இறுதியில் தொண்டு நிறுவனங்களுக்கும் கதவு திறந்தது. திறந்த கதவில் ஒரு தாழ்ப்பாள் இருந்தது: செய்தியும் நடப்பு அரசியலும் கூடாது. அகில இந்திய வானொலியின் செய்தியை மாற்றமின்றி எடுத்து ஒலிபரப்பலாம் என்ற சலுகை பின்னர் வந்தது. தேர்வு நாள், மழை எச்சரிக்கை, மின்தடை, குடிநீர் பற்றிய அறிவிப்பு ஆகியன செய்தி ஆகா என்றும் விதி விளக்கம் தருகிறது.

இந்த விளக்கம் நடைமுறையில் என்னவாகிறது? மின்சாரம் நாளை காலை பத்து மணிக்கு நிறுத்தப்படும் என்று அறிவிக்கலாம். நான்கு நாளாக ஏன் மின்சாரம் வரவில்லை என்று இரண்டு ஊர்க்காரர் உரையாடினால் அது நடப்பு அரசியல் ஆகிவிடக்கூடும். எனவே நிலையத்தார் அஞ்சுகின்றனர். அஞ்சியவர் பாட்டுப் போடுகின்றனர். தொலைக்காட்சியில் இரவுதோறும் எட்டுப் பேர் ஒரே நேரத்தில் கூச்சலிடலாம். நாளேடு எதையும் எழுதலாம். நூறு வாட் ஆற்றலும் சில கல் தொலைவு எட்டும் குரலும் கொண்ட ஏழை வானொலிக்கு மட்டும் வாய்ப்பூட்டு. இந்நியாயம் நமக்குப் பிடிபடவில்லை.

கொல்லிமலையில் இருவர் எதைப் பற்றி உரையாடுவார்கள்? பழங்குடிச் சான்றிதழைப் பற்றிப் பேசுவார்கள். அதை வருவாய்க் கோட்டாட்சியரிடம் பெறவேண்டும், அது கைக்கு வராவிடில் பிள்ளையின் கல்லூரி இடம் கைநழுவும். 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டத்தைப் பற்றிப் பேசுவார்கள். தமிழகத்தில் நீதிமன்ற ஆணையொன்றினால் பல ஆண்டுகள் அதன்படி உரிமை வழங்குவது முடங்கிக் கிடந்தது. பழங்குடி மக்கள் வாழும் மலைகள் இத்தனை இருந்தும் தமிழ்நாட்டில் அரசியலமைப்பின் ஐந்தாம் அட்டவணைப் பகுதி ஒன்றுகூட இல்லாதது ஏன் என்று, சற்றே படித்த இளைஞன் கேட்பான். சட்டமன்றத்தில் பழங்குடியினர்க்கு ஒதுக்கப்பட்ட இரண்டே தொகுதிகளில் ஒன்றாகிய சேந்தமங்கலத்தில் தன் வாக்கு அடங்கியிருப்பதும் அவனுக்குத் தெரியும். இவற்றில் அரசியல் கலவாத பேச்சு எது?

நம் வாசகர்க்கு நேரே தொடர்புடைய ஓர் உரையாடலையும் கருதிப் பார்க்கலாம். பழங்குடியைச் சேர்ந்த ஒருவர் கிறித்தவராயினும் சட்டப்படி பழங்குடியினராகவே நீடிப்பார். தலித் ஒருவர் கிறித்தவரானால், 1950ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணையின்படி, பட்டியல் சாதிக்குரிய உரிமையை இழப்பார். மலைமேல் ஒரு சட்டம், அடிவாரத்தில் ஒரு சட்டம். இருவரும் முழங்காற்படியிடும் பீடம் ஒன்றே. இதற்கிடையே மதம் மாறிய பழங்குடியினரையும் பட்டியலிலிருந்து நீக்க வேண்டுமென்ற கோரிக்கை வட மாநிலங்களில் உரத்து எழுந்துள்ளது. மலைக் கிறித்தவர் ஒருவரும் சமவெளித் தலித் கிறித்தவர் ஒருவரும் அமர்ந்து இதைப் பற்றி அரைமணி நேரம் பேசினால் அது எத்தகைய நிகழ்ச்சியாக அமையும்! ஒருவர் அச்சமும் மற்றவர் இழப்பும் ஒன்றையொன்று அறிந்துகொள்ளும். இன்றைய விதிப்படி அந்த உரையாடலைச் சமுதாய வானொலியில் ஒலிபரப்ப எந்த நிலையத்தாரும் துணியமாட்டார்கள்.

ஆயினும் அரசின் அச்சத்தை வெற்று அடக்குமுறை என்று ஒதுக்கிவிட நாம் விரும்பவில்லை. வானொலிப் பேச்சு மனிதரைக் கொன்றிருக்கிறது. பாவையை நினைவுகூர வேண்டிய இடம் இதுவே.

ருவாண்டா நாட்டில் 1993 சூலையில் 'ஆர்.டி.எல்.எம்.' என்ற தனியார் வானொலி தொடங்கிற்று. அதுவரை மக்கள் கேட்டிருந்த அரசு வானொலி முகத்தைச் சுளித்துக்கொண்டு பேசும். இதுவோ இசையும் நகைச்சுவையும் கலந்தது. தெருப் பேச்சு நடையில் பேசிற்று. இளைஞர் விரும்பிக் கேட்டனர். அச்சிரிப்பின் நடுவே துட்சி இனத்தவரைக் கரப்பான்பூச்சி என்றார்கள். ஊட்டு, துட்சி இருவருக்கும் ஒரே மொழி. பெரும்பாலும் ஒரே மதம், அதுவும் நம் மதம். 1994 ஏப்ரல் முதல் சூலை வரை ஏறத்தாழ எட்டு இலட்சம் பேர் கொல்லப்பட்டனர். ஒளிந்திருந்தோரின் பெயரையும் இடத்தையும்கூட அவ்வானொலி அறிவித்தது. 2003 திசம்பரில் பன்னாட்டு நீதிமன்றம் அதன் பொறுப்பாளர்களைக் குற்றவாளிகள் என்று தீர்த்தது. திருச்சபையைச் சேர்ந்தோர் அக்கொடுமையில் கொண்ட பங்கிற்காகத் திருத்தந்தை பிரான்சிஸ் 2017இல் மன்னிப்பு வேண்டினார். மயக்கிக் கொல்லும் சிரிப்பு பழங்கதையில் மட்டும் உள்ளதன்று.

இன்னொரு பெயர் நம்மவர் அதிகம் பேசாதது. அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில், ராயல் ஓக் என்ற ஊரில், நாம் பெரிதும் நேசிக்கும் சிறுமலர் தெரேசாளின் பெயரால் ஓர் ஆலயம் எழுந்தது. அதன் பங்குக்குரு அருட்பணி. சார்லஸ் கொக்லின் 1926இல் வானொலியில் பேசத் தொடங்கினார். கத்தோலிக்கரைக் கு கிளக்ஸ் கிளான் கூட்டத்தார் பகைத்து மிரட்டிய காலம் அது. தொடக்கத்தில் சிறுவர்க்கு ஞானோபதேசம். பின்னர் பொருளாதார வீழ்ச்சியில் வேலையிழந்த ஏழைகளுக்காக வங்கி முதலாளிகளைச் சாடல். கோடிக்கணக்கானோர் ஞாயிறுதோறும் செவிமடுத்தனர். 1938இல் அக்குரல் யூதப் பகையாக முற்றிலும் திரிந்தது. செர்மனியில் யூதரின் கடைகளும் தொழுகைக்கூடங்களும் தாக்கப்பட்ட அதே நவம்பரில், பழியை யூதர்மீதே திருப்பிப் பேசினார். 1942இல் அவருடைய பேராயர் ஆணையிட்ட பிறகே அரசியல் பேச்சு ஓய்ந்தது. துன்புற்ற சிறுபான்மையின் குருவாகத் தொடங்கியவர் இன்னொரு சிறுபான்மையை வேட்டையாட ஏவியது எவ்வாறு? நம் விடை இது: ஆண்டுக்கணக்கில் அவர் பேசினார், எதிரே ஒருவரும் அமரவில்லை. அவருக்கு வந்த மடல்கள் மலையெனக் குவிந்தன. மடல்களால் இடைமறித்து 'சுவாமி, அது பொய்' என்று சொல்ல முடியாது.

ஆகவே அரசின் அச்சம் சரியானது, அதன் மருந்து தவறானது என்பதே நம் துணிபு. ருவாண்டா வானொலி ஏழை ஊர்க்காரரின் வாயிலிருந்து எழுந்ததன்று. ஆளுங்கூட்டத்தின் செல்வமும் அரவணைப்பும் பெற்றது. வாய்ப்பூட்டு விதிகள் அத்தகைய வானொலியைத் தொடமாட்டா. அவை தொடுவது பாஸ்தாபூர்ப் பெண்களைத்தான்.

தெலுங்கானாவின் சகீராபாத் பக்கத்தில் தக்காண வளர்ச்சிச் சங்கத்தைச் சேர்ந்த தலித் பெண்கள் 2008 அக்டோபர் 15ஆம் நாள் 'சங்கம் ரேடியோ'வைத் தொடங்கினர். தொண்டு நிறுவனம் ஒன்றுக்கு இந்நாட்டில் கிடைத்த முதல் சமுதாய வானொலி அதுவே. அவர்களும் சிறுதானியம் விதைப்போர். கொல்லிமலைக்கு உடன்பிறந்தார் என்னலாம். அவர்களுடைய நிகழ்ச்சிகளில் பேட்டி எடுப்பவரும் தருபவரும் ஒரே வயலில் களையெடுத்தவர்கள். நம் பக்கத்தில், பாம்பனில் 2016இல் தொடங்கிய 'கடல் ஓசை' மீனவர்க்கு மீனவர் பேசும் குரலாக அமைந்தது. காற்றின் வேகத்தைக் கடலுக்குப் போகிறவனே சொல்லக் கேட்பது வேறு சுவை.

பொலிவியாவின் சுரங்க ஊரில் அமலமரி தியாகிகள் சபையார் 1959இல் நிறுவிய 'பன்னிரண்டாம் பயஸ் வானொலி' இவற்றிலெல்லாம் நமக்குப் பெரும் பாடமாகத் தெரிகிறது. பொதுவுடைமைக் கொள்கையையும் குடியையும் எதிர்த்துப் பேசவே அது பிறந்தது. சுரங்கத் தொழிலாளர் சங்கங்களின் வானொலிகளுக்கு அது எதிரி. ஆனால் அக்குருக்கள் சுரங்கத்தாரின் நடுவில் குடியிருந்தனர். நாளடைவில் அவர்கள் பசியையும் இருமலையும் கேட்டனர். வானொலியின் பேச்சு மாறிற்று. பின்னர்ப் படையினர் தாக்கியபோது அதைக் காத்து நின்றோர் அதே தொழிலாளர். கொக்லின் பாமரர் பக்கம் தொடங்கிப் பகையில் முடிந்தார். இவர்கள் பகையில் தொடங்கிப் பாமரர் பக்கம் வந்து சேர்ந்தனர். இரண்டிலும் பேசியவர் கத்தோலிக்கக் குருக்களே.

எனவே ஒரு வானொலி உரையாடலை மதிப்பிடும்போது அதன் பொருள் அரசியலா, சமையலா என்று பார்ப்பது மேலோட்டமான அளவுகோல். உரையாடலின் அமைப்பைப் பார்க்க வேண்டும். தொலைபேசியில் நேயர் பேசும் நிகழ்ச்சி ஒன்றைக் கேட்டுப் பாருங்கள். அதிகாரி வந்தால் தொகுப்பாளர் 'ஐயா' என்கிறார். சிற்றூர் நேயர் வந்தால் 'சொல்லுங்கம்மா, சீக்கிரம் சொல்லுங்க' என்கிறார். நேயர் தம் துன்பத்தைச் சொல்லி முடிக்குமுன் அது 'கேள்வி'யாகச் சுருக்கப்படுகிறது. அதிகாரி 'நடவடிக்கை எடுக்கப்படும்' என்கிறார். நேயரின் இணைப்பு அதற்குள் துண்டிக்கப்பட்டிருக்கும். மறுகேள்விக்கு இடமே இல்லை. பிலாத்து உண்மை எதுவென்று வினவிவிட்டு விடைக்குக் காத்திராமல் வெளியே போனான் அல்லவா? அது இக்காலத் தொகுப்பாளர்க்கு முன்மாதிரியோ என ஐயுறுகிறோம். தனியார் பண்பலைகளின் நிலை இன்னும் இரங்கத்தக்கது. அங்கே மலைப்பேச்சும் நாட்டுப்புற உச்சரிப்பும் நகைப்புக்குரிய பண்டங்கள். சிரிப்பினால் தொடங்குவது எங்கே போய் நிற்கும் என்பதை மேலே கண்டோம்.

மாற்கு நற்செய்தியில் காது கேளாத, திக்கிப் பேசும் ஒருவரை இயேசுவிடம் கொண்டுவரும் பகுதியை நாம் அறிவோம். அவரைக் கூட்டத்திலிருந்து தனியே அழைத்துச் செல்கிறார். முதலில் காதுகளில் விரலிடுகிறார். நாவைத் தொடுவது அதற்குப் பிறகே. 'எப்பத்தா' என்றதும் முதலில் செவி திறக்கிறது; நாவின் கட்டு பின்பே அவிழ்கிறது. திருமுழுக்குச் சடங்கிலும் அருட்பணியாளர் செவியையும் வாயையும் இந்த ஒழுங்கிலேயே தொடுகிறார். சமூகத் தொடர்பு பற்றி 1971இல் வெளிவந்த உரோமை ஏடு, திருச்சபைக்குள்ளும் இருவழிப் பேச்சு வேண்டுமென வலியுறுத்திற்று. 2022ஆம் ஆண்டின் சமூகத் தொடர்பு நாள் செய்திக்குத் திருத்தந்தை பிரான்சிஸ் எடுத்துக்கொண்ட பொருளும் செவிமடுத்தலே.

நம் மறைமாவட்டங்களின் சமூகத் தொடர்பு மையங்களில் ஒலிப்பதிவுக் கூடங்கள் உள்ளன. பாடல், மறையுரை, திருவிழா நேரலை ஆகியவை செம்மையாக உருவாகின்றன. பொதுநிலையினர் ஒருவர் இன்னொருவரோடு தம் ஊர்ச் சிக்கலை வாதிடும் பதிவு அரிது. கல்லறைத் தோட்டத்தில் நிற்கும் சாதிச் சுவரைப் பற்றிய உரையாடல் அதனினும் அரிது. வெரித்தாஸ் தமிழ்ப்பணி சிற்றலையில் ஒலித்த நாளில் நேயர் மடல்களுக்கு அது தந்த மதிப்பை மூத்த வாசகர் மறந்திருக்கமாட்டார்கள். ஈழத்தில் போர் நடந்த ஆண்டுகளில் அக்குரலுக்காகக் காத்திருந்த இல்லங்கள் பல. 2018இல் சிற்றலை நின்று, இணையவழிக்கு மாறிற்று. தொழில்நுட்பம் வளர்ந்தது, மடல் எழுதும் கை ஓய்ந்தது.

உரிமம் இல்லையே என்று ஒதுங்கவும் வழியில்லை. பாஸ்தாபூர்ப் பெண்கள் உரிமம் கிடைக்கும் முன்பே பல ஆண்டுகளாக ஒலிநாடாவில் பதிவு செய்து சங்கக் கூட்டங்களில் ஒலிக்கச் செய்தனர். கருநாடகத்தின் கோலார் மாவட்டத்துப் பூதிக்கோட்டையில் 'நம்ம த்வனி' வானலை இல்லாமல் கம்பிவழியே வீடுகளுக்குக் குரலை அனுப்பிற்று. விதிகள் வானலைக்கே உரியவை; ஒரு கூடத்தில் இருபது பேர் கூடி ஒரு பதிவைக் கேட்டு வாதிடுவதற்கு அமைச்சகத்தின் இசைவு தேவையில்லை. பதிவுக் கருவி இன்று ஒவ்வொரு சட்டைப்பையிலும் உள்ளது. சோளக்காட்டுச் சந்தைக்கு மிளகும் அன்னாசியும் வாழையும் சுமந்து வருவோரிடம் அதை நீட்டி, அவர்கள் முடிக்கும்வரை பொறுத்திருக்க ஓர் ஆள் வேண்டும். அவர்கள் நாவில் முதலில் வருவது சாமை விலையா, சான்றிதழா, நம்மைப் பற்றிய குறையா என்பதை முன்கூட்டியே முடிவு செய்து வினாப் பட்டியலோடு மலையேற வேண்டாம்.